காவலும் ஊதியமும்: கணிப்பொறிப் பாதுகாப்பினால் தொழிலுக்கு விளையும் பயன்

பங்காருபேட்டை என்னும் ஊர்ப் பெயரிலேயே பொன் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள இச்சந்திப்பிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து மாரிக்குப்பம் வரை செல்கிறது. கோலார் தங்கவயலின் பொருட்டே அமைந்த பாதை அது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குத் தொடங்கிய சுரங்கத் தொழில், பின்னர் அரசாங்கத்தின் கைக்கு மாறி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பெறும் வரை நடந்தது. இக்காலத்தில் எடுக்கப்பட்ட பொன் 800 டன்னுக்கும் மேற்பட்டது. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

இச்சுரங்கத்தில் பொன் தோண்டுவோர் மட்டுமன்றி, பொன்னைக் காப்போரும் இருந்தனர். பொன் திருட்டைத் தடுப்பதற்கென மைசூர் சமஸ்தானத்தில் தனி விதிகள் செய்யப்பட்டன; தங்கவயலுக்கெனத் தனிப் போலீஸ் நிர்வாகமும் ஏற்பட்டது. காவலாளி பெறும் சம்பளம் ஒரு குன்றிமணிப் பொன்னையும் தோண்டித் தருவதில்லை. ஆயினும், காவலை நீக்கிவிட்டுச் சுரங்கம் நடத்தலாம் என்று எண்ணுவார் இலர். தோண்டிய பொன் கருவூலம் சென்று சேர்ந்தால்தான் அது வருமானம். வழியிலேயே மறைந்துபோனால் தோண்டிய கூலியும் நஷ்டமே. எனவே காவற்செலவு உற்பத்திச் செலவின் ஒரு பகுதியே ஆகும்.

இவ்வுண்மை இக்காலத்துக் கணிப்பொறிக்கும் பொருந்தும். இன்று ஒரு பால் கூட்டுறவுச் சங்கமோ, தக்காளி மண்டியோ, பெரிய தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறையோ தன் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், பணப் பட்டுவாடா ஆகிய அனைத்தையும் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வைத்திருக்கிறது. அவற்றைக் காப்பதற்குச் செய்யும் செலவு வீண் செலவா, அன்றி ஊதியம் தரும் முதலீடா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயும் பொருள்.

1. காக்கவேண்டியவை மூன்று

கணிப்பொறிப் பாதுகாப்பு என்றவுடன் இரகசியத்தைக் காப்பது ஒன்றையே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் காக்கப்படவேண்டிய பண்புகள் மூன்று.

முதலாவது மறைவு. உரியவர் தவிரப் பிறர் செய்தியை அறியாதிருத்தல் இதன் பொருள். வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கு எண்ணும் இவ்வகையில் அடங்கும்.

இரண்டாவது மெய்ம்மை. எழுதியது எழுதியபடியே இருத்தல் வேண்டும். பால் அளவுப் பதிவேட்டில் 8 லிட்டர் என்பதை எவரேனும் 18 என்று மாற்றினால் இரகசியம் ஏதும் வெளிப்படவில்லை. ஆயினும் சங்கத்திற்கு நஷ்டம் உண்டாகிறது.

மூன்றாவது கிட்டுதல். வேண்டிய வேளையில் செய்தியும் கருவியும் கைக்கு எட்ட வேண்டும். பட்டுவாடா நாளில் கணிப்பொறி திறக்கவில்லையெனில், அதிலுள்ள கணக்கு எவ்வளவு மெய்யானதாயினும் பயனில்லை.

தொழிலுக்கு நேரும் நஷ்டம் எதுவாயினும் இம்மூன்றில் ஒன்றோ பலவோ கெட்டதன் விளைவாகவே இருக்கும். இனி, நடந்த நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்குவோம்.

2. கும்பகோணத்துப் பாங்கில் நேர்ந்தது

சிட்டி யூனியன் பாங்கு 1904-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் தோன்றியது. வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் உத்தரவுகளை, உலகப் பாங்குகள் பலவும் கையாளும் 'ஸ்விஃப்ட்' என்னும் செய்தி முறையின் வாயிலாக அது அனுப்பி வருகிறது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள், முன்நாள் அனுப்பிய உத்தரவுகளைக் கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாங்கின் ஊழியர் எவரும் பிறப்பிக்காத மூன்று உத்தரவுகள் வெளியே சென்றிருந்தமை தெரியவந்தது. அவற்றின் மொத்தத் தொகை ஏறக்குறைய 20 இலட்சம் டாலர். ஓர் உத்தரவு துபாய்க்கும், ஒன்று துருக்கிக்கும், ஒன்று சீனாவுக்கும் சென்றிருந்தன. துபாய்க்குச் சென்ற 5 இலட்சம் டாலர், இடையிலிருந்த நியூயார்க் பாங்கினால் உடனே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மற்ற இரண்டையும் மீட்கப் பாங்கு வெளிநாட்டு அதிகாரிகளின் உதவியை நாட வேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உத்தரவு சென்றதும் அதற்குச் சான்றான தாள் ஓர் அச்சுப்பொறியில் பதிவாகி வெளிவருவது வழக்கம். முதல் நாள் அந்த அச்சுப்பொறியைக் குற்றவாளிகள் செயலற்றதாக்கி இருந்தனர். இதே சூழ்ச்சி 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வங்காள தேச மத்திய பாங்கிலும் கையாளப்பட்டது. அங்கு 95 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்குப் பொய் உத்தரவுகள் பிறந்தன. பெரும்பகுதி தடுக்கப்பட்டபோதிலும், 8 கோடியே 10 இலட்சம் டாலர் மணிலாவுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையினால் ஐயம் எழுந்து நிறுத்தப்பட்டது. எழுத்துப் பிழையைக் கவனித்த ஒருவரின் கண் 2 கோடி டாலரைக் காப்பாற்றியது எனலாம்.

கும்பகோணத்துப் பாங்கைக் காத்தது எது? நாள்தோறும் கணக்கை ஒப்பிடும் பழைய பழக்கமே. கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு சரிபார்க்கும் வழக்கத்தினின்றும் அது வேறன்று. அதற்கு ஆகும் செலவு ஓர் ஊழியரின் ஒரு மணி நேரம். அதனால் விளைந்த பயன், வாரக்கணக்கில் மறைந்திருக்கக்கூடிய குற்றம் ஒரே நாளில் வெளிப்பட்டமை. பழுது என்பது வெறும் பழுதாகவே இருக்கலாம். ஆயினும் முக்கியமான கருவி ஒன்று காரணமின்றி நின்றால், அதனை ஒரு செய்தியாகக் கொண்டு ஆராய வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

3. நஷ்டத்தின் பல முகங்கள்

திருட்டுப்போன தொகை மட்டுமே நஷ்டம் என்று கருதுவது தவறு.

நேரடி நஷ்டத்திற்குப் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கு ஓர் உதாரணம். 2018 ஆகஸ்டு 11-ஆம் நாள், 28 நாடுகளிலுள்ள பணம் வழங்கும் இயந்திரங்களிலிருந்து போலி அட்டைகளைக் கொண்டு சில மணி நேரத்தில் பணம் எடுக்கப்பட்டது. 13-ஆம் நாள் ஸ்விஃப்ட் முறையில் ஒரு தொகை ஹாங்காங்குக்குச் சென்றது. மொத்த நஷ்டம் 94 கோடி ரூபாய்க்கு மேல்.

இரண்டாவது, வேலை நின்றுபோவதால் வரும் நஷ்டம். செய்திகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பிணைப்பணம் கேட்கும் நிரலை 'ரான்சம்வேர்' என்பர். 2022 நவம்பர் 23-ஆம் நாள் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சர்வர்கள் இவ்வாறு பூட்டப்பட்டன. நோயாளிகளைப் பதிவதும் பரிசோதனை முடிவுகளைத் தருவதும் பல நாட்கள் கையெழுத்திலேயே நடைபெற்றன. அங்கு இழப்பு நோயாளிகள் வரிசையில் காத்திருந்த நேரமாகவும் இருந்தது.

மூன்றாவது, தன் தவறு ஏதுமின்றிப் பிறர் வழியாக வரும் நஷ்டம். 2024 ஜூலை இறுதியில், சிறு பாங்குகளுக்குக் கணிப்பொறிச் சேவை அளிக்கும் ஒரு நிறுவனம் ரான்சம்வேருக்கு உள்ளாயிற்று. தீங்கு பரவாதிருக்கும் பொருட்டு, அதனைச் சார்ந்திருந்த ஏறத்தாழ 300 கூட்டுறவு பாங்குகளும் கிராமிய பாங்குகளும் நாட்டின் பணப் பட்டுவாடா அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. அப்பாங்குகளை நம்பிய கிராமத்து மக்களுக்குக் கைப்பேசி வழிப் பணம் செலுத்தும் வசதி நின்றது. சங்கிலியின் ஒரு கண்ணி நலிந்தால் சங்கிலி முழுவதும் நலியும்.

நான்காவது, நம்பிக்கை இழப்பு. இதற்குக் கணக்கு எழுதுவது கடினம். ஆயினும் நெடுங்காலம் நிற்பது இதுவே. தம் கணக்கு விவரம் வெளியே போயிற்று என்று அறிந்த உறுப்பினர் மறுமாதம் பாலை வேறிடத்தில் ஊற்றுவார்.

ஐந்தாவது, சட்டத்தின் தண்டம். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியோர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

இவற்றுக்கு மறுபுறமும் உண்டு. 2017 ஜூன் 27-ஆம் நாள், 'நாட்பெட்யா' என்னும் தீய நிரல் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கிற்று. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்கு முனையமும் அதனால் தடைப்பட்டது. கம்பெனிக்கு நேர்ந்த நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் பத்தே நாட்களில் மீண்டும் அமைத்தனர். அவ்வாறு அமைக்க உதவியது, ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் மின்தடையினால் வலையமைப்பிலிருந்து விலகி நின்றமையால் அழியாது தப்பிய ஒரு கணிப்பொறியே. தற்செயலாகக் கிடைத்த அந்த நகலை நாம் முன்யோசனையுடன் வைத்துக்கொள்ளலாமன்றோ? தொடர்பின்றித் தனியே வைக்கும் நகலின் விலை மதிப்பை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

4. செலவும் பயனும்: ஒரு கணக்கு

பாதுகாப்புக்கு எவ்வளவு செலவிடலாம்? ஒன்றும் செலவிடாதிருப்பது எவ்வளவு தவறோ, அளவின்றிச் செலவிடுவதும் அவ்வளவு தவறே. இதனை ஒரு கற்பனைக் கணக்கினால் அறிவோம்.

கோலார் மாவட்டத்தில் ஒரு தக்காளி மண்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் கணிப்பொறி பூட்டப்பட்டால் ஐந்து நாள் வியாபாரம் தடைப்படும். நாளொன்றுக்கு 40,000 ரூபாய் வீதம் நஷ்டம் 2,00,000 ரூபாய். கணக்கை மறுபடி எழுதும் செலவு 50,000 ரூபாய். குழப்பத்தில் பொய்க் கணக்கிற்கு அனுப்பிவிடும் தொகை 3,50,000 ரூபாய். ஆக மொத்தம் 6,00,000 ரூபாய். இத்தகைய விபத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேரக்கூடுமெனில், ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் 6,00,000-ஐ 5-ஆல் வகுக்க வரும் 1,20,000 ரூபாய்.

இப்போது ஆண்டுக்கு 30,000 ரூபாய் செலவில் மூன்று ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன: வாரந்தோறும் தனியே வைக்கும் நகல், நிரல்களுக்குக் காலந்தவறாத திருத்தம், பெருந்தொகை அனுப்ப இருவர் ஒப்புதல். இவற்றால் விபத்து இருபதாண்டுக்கு ஒருமுறையாகக் குறைகிறது. நேர்ந்தாலும் நகல் இருப்பதால் நஷ்டம் 2,00,000 ரூபாயளவில் நின்றுவிடுகிறது. எதிர்பார்க்கத்தக்க ஆண்டு நஷ்டம் 10,000 ரூபாய். குறைந்த நஷ்டம் 1,10,000 ரூபாய். செலவு 30,000 ரூபாய். நிகர ஊதியம் 80,000 ரூபாய்.

இன்னும் 25,000 ரூபாய் செலவிட்டு, விபத்தை நாற்பதாண்டுக்கு ஒருமுறையாக்கலாம் என்று ஒரு வியாபாரி வந்து கூறுகிறார் எனக் கொள்வோம். அதனால் எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் 10,000-லிருந்து 5,000 ஆகும். 5,000 ரூபாயைக் காக்க 25,000 ரூபாய் செலவிடுதல் பொருந்தாது. முதலில் இட்ட உரம் மிகுந்த விளைவு தரும். மேன்மேலும் இடும் உரம் வரவரக் குறைந்த விளைவே தரும். அதுபோன்றதே இதுவும்.

இக்கருத்தை அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கார்டன், மார்ட்டின் லோப் என்னும் இரு பேராசிரியர்கள் 2002-ஆம் ஆண்டில் கணித முறையில் ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட நிலைமைகளில், எதிர்பார்க்கத்தக்க நஷ்டத்தில் சுமார் 37 சதவிகிதத்திற்கு மேல் செலவிடுதல் இலாபகரமன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் மண்டிக்கு அவ்வெல்லை 44,400 ரூபாய். முதல் ஏற்பாட்டின் 30,000 ரூபாய் இதற்குள் அடங்குகிறது. இரண்டையும் கூட்டிய 55,000 ரூபாய் இதனைத் தாண்டுகிறது. இது கைகாட்டி மரம் போன்ற ஒரு வழிகாட்டியே. அளவுகோலாகக் கொள்ளுதல் ஆகாது.

5. பாதுகாப்பு வருமானத்தையும் பெருக்கும்

நஷ்டத்தைக் குறைப்பதோடு பயன் முடிந்துவிடுவதில்லை. பெரிய நிறுவனங்கள் தமக்குச் சரக்கும் சேவையும் தருவோரிடம் பாதுகாப்பு முறைகள் உள்ளனவா என்று கேட்கும் வழக்கம் பரவியுள்ளது. ஐ.எஸ்.ஓ. 27001 என்னும் சர்வதேசத் தரம் இதற்கென அமைந்தது. இரண்டு பட்டறைகள் ஒரே விலை கூறுமிடத்து, வரைபடங்களைப் பத்திரமாக வைக்கும் பட்டறைக்கே ஆர்டர் செல்லும். நல்ல பூட்டு உள்ள கிடங்கில்தான் பிறர் தம் மூட்டையை வைக்க இசைவர்.

6. ஊழியரைச் சந்தேகித்தலும் நம்புதலும்

தங்கவயல் வரலாறு இங்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர் தம் பெயரைப் பதிந்து கைரேகை வைக்கவேண்டும் என்று செய்யப்பட்ட ஏற்பாட்டை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளியிடம் பெறும் அடையாளத்தைத் தம்மிடமும் பெறுவது மானக்குறைவு என்று அவர்கள் எண்ணினர். பொன்னைக் காக்கச் செய்த ஏற்பாட்டினால் பொன் எடுக்கும் வேலையே நின்றது.

கணிப்பொறிப் பாதுகாப்பிலும் இவ்வபாயம் உண்டு. மோசடி மின்னஞ்சலைத் திறந்துவிட்ட குமாஸ்தாவைப் பலர் முன் இழிவுபடுத்தினால், அடுத்த முறை அவர் அதனை மறைப்பார். மறைத்த ஒரு மணி நேரத்தில் தீங்கு அலுவலகம் முழுவதும் பரவும். உடனே கூறுவோரைப் பாராட்டும் அலுவலகத்தில் தீங்கு முளையிலேயே கிள்ளப்படும். ஊழியரைச் சந்தேகத்திற்குரியவராகக் கருதாது காவலராக ஆக்கிக்கொள்வதே சிக்கனமான பாதுகாப்பு. விதிகளும் மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

7. சிறு நிறுவனங்கள் செய்யத்தக்கவை

களப்பணியாளர் தாம் செல்லும் சங்கங்களிலும் கடைகளிலும் பின்வருவனவற்றை எடுத்துக் கூறலாம்.

(அ) நிரல்களுக்கு வரும் திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்க வேண்டும். 2017 மே 12-ஆம் நாள் 150 நாடுகளுக்கு மேல் பரவிய 'வான்னக்ரை' என்னும் ரான்சம்வேருக்கு மாற்றான திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்னரே இலவசமாக வெளியிடப்பட்டிருந்தது. அதனை ஏற்காதிருந்த கணிப்பொறிகளே பெரும்பாலும் பாதிக்கப்பட்டன.

(ஆ) கணக்கின் நகலைத் தனிக் கருவியில் எடுத்து, எடுத்தபின் இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை நகலைத் திறந்து பார்த்தல் அவசியம். திறந்து பாராத நகல், முளைக்குமோ என்று சோதியாத விதை நெல் போன்றது.

(இ) கடவுச்சொல் நீண்டதாகவும் ஒவ்வோரிடத்திற்கும் வேறாகவும் இருத்தல் வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது.

(ஈ) 'எங்கள் பாங்குக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று சரக்கு அனுப்புவோரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணுக்கன்றி, முன்பே தம்மிடமுள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசி உறுதி செய்தபின்னரே பணம் அனுப்ப வேண்டும்.

(உ) பெருந்தொகைக்கு இருவர் ஒப்புதலும், நாள்தோறும் கணக்கு ஒப்பிடுதலும் இன்றியமையாதவை.

(ஊ) பணம் மோசடியாகச் சென்றது தெரிந்தால் அக்கணமே பாங்குக்கும், 1930 என்னும் தேசிய உதவித் தொலைபேசி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் தடுக்கும் வாய்ப்பு விரைவைப் பொறுத்தது. நிறுவனங்கள் இத்தகைய தாக்குதல்களை ஆறு மணி நேரத்திற்குள் மத்திய அரசாங்கத்தின் 'செர்ட்-இன்' அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறந்த உத்தரவு.

8. வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் கீழ்க்காணும் வினாக்களை மாணவர்க்கு அளிக்கலாம்.

1. பள்ளியின் மதிப்பெண் பதிவேடு ஒருநாள் காணாமற்போகிறது. மற்றொரு நாள் திருத்தப்படுகிறது. பிறிதொரு நாள் அயலாரால் படிக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் கெடுவது மறைவா, மெய்ம்மையா, கிட்டுதலா?

2. மேற்கூறிய மண்டியில் விபத்து பத்தாண்டுக்கு ஒருமுறையே நேருமெனில், எதிர்பார்க்கத்தக்க ஆண்டு நஷ்டம் யாது? அப்போதும் 30,000 ரூபாய்ச் செலவு இலாபகரமானதா? (விடை: 60,000 ரூபாய். ஏற்பாட்டிற்குப் பின் நஷ்டம் 10,000 எனக் கொண்டால், மிச்சம் 50,000. நிகர ஊதியம் 20,000 ரூபாய். ஆயினும் 37 சதவிகித எல்லையான 22,200 ரூபாயைச் செலவு தாண்டுவதால், மூன்று ஏற்பாடுகளில் எதனை மலிவாகச் செய்யலாம் என்று மாணவர் ஆராய்தல் வேண்டும்.)

3. உங்கள் ஊர்க் கடைகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஒரு நாள் கணிப்பொறியும் கைப்பேசியும் இயங்காவிடில் என்ன நஷ்டம் நேரும் என்று கடைக்காரரைக் கேட்டுக் குறித்து வருக.

மூன்றாவது பயிற்சியே மிக்க பயனுடையது. தம் நஷ்டத்தைத் தாமே எண்ணிப் பார்த்த கடைக்காரருக்குப் பாதுகாப்பின் அவசியத்தைப் பிறர் உபதேசிக்க வேண்டியதில்லை. பொன்னின் மதிப்பை அறிந்தவன் பூட்டின் விலையைப் பெரிதென எண்ணான். கணக்குப் புத்தகம் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், அப்பூட்டைத் தேர்ந்து பூட்டும் பழக்கத்தைச் சிறு சங்கங்களும் கைக்கொள்ளச் செய்வது களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.